பாலத்தில் நின்றுபோன நான்கு தகரம்

கூரையை நான்தான் பிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு என் மனைவி இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

ஜப்பான்காரன் காலம். தீபாவளி முடிந்திருந்தது. எண்ணெயும் இல்லை, அரிசியும் இல்லை என்பதால் அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தம்போயில், நான் டயர் ஒட்டிக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக எங்கள் பலகை வீடு. கூரை அத்தாப்பு. ஓலை மக்கி, மேலே கைவைத்தால் தூளாகக் கொட்டும். புதிதாகப் பின்னித் தருவதற்கும் ஆள் இல்லை. பின்னுகிறவர்கள் எல்லோரும் மரவள்ளி நடப் போய்விட்டார்கள்.

எங்கள் முதல் பிள்ளை அதற்கு முந்திய மழைக்காலத்தில் பிறந்தான். அறையில் ஏழு இடத்தில் ஒழுகியது. பாயை நகர்த்தி நகர்த்திப் போட்டோம். பதினோரு நாள் இருந்தான். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள்.

இப்போது இரண்டாவது. இன்னும் பத்து நாளில் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மழையும் பத்து நாளில் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எது முந்தும் என்பதுதான் என் கவலை. எனக்குக் கவலைக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் அந்த வருஷம் காரணம் இருந்தது.

ஸ்கூடாய் போகும் சாலையில் இரண்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியதோடு சரி. கணக்கெழுதும் கிராணி மட்டும் இருந்தார். ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனபின், லயத்தில் பாதி வீடு காலி. அந்தக் காலி வீடுகளின் கூரைத் தகரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கிராணி சொன்னார். அவருடைய சைக்கிள் டயரை ஆறு மாதமாக உயிரோடு வைத்திருந்தது நான்தான். பன்னிரண்டு தகரம் என்று எழுதி, சிவப்பு மையில் சாப் குத்தி ஒரு சீட்டும் கொடுத்தார்.

என் அறைக்குப் பன்னிரண்டு சரியாக இருந்தது. வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் அந்த மீதி எங்கே போகிறது என்று கேட்டதற்கு வாத்தியார் அடித்தார். நான் மறுநாள் போகவில்லை. அதனால் மீதி வராத கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம். கொஞ்சம் அதிகமாகவே தைரியம் வந்து, தகரம் வந்ததும் நேரத்தை வீணாக்காமல் அடித்துவிடலாம் என்று, முதல் நாளே பழைய ஓலையை எல்லாம் பிரித்துப் போட்டேன்.

மனைவி பாயில் உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

"ஏங்க, தகரம் எங்க இருக்கு?"

"தோட்டத்துல."

"ஓல?"

"கீழ கெடக்கு."

"வானம் நல்லாத் தெரியுது" என்றாள். நான் அதைப்பற்றி அன்று முழுக்க யோசித்தேன்.

தகரத்தைக் கொண்டுவர வண்டி வேண்டும். ஒர்க்‌ஷாப் முதலாளியான சீனத் தவுக்கேயிடம் ஒரு டிரெய்லர் இருந்தது. பழைய கார் ஒன்றின் பின் அச்சில் பலகை அடித்து, பலகைமேல் இரும்புத் தகடு வேய்ந்து, ரப்பர் பால் பீப்பாய்கள் ஏற்றுவதற்காகச் செய்தது. அதை இழுத்த லாரியை ஜப்பான் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டிரெய்லர் தானாக ஓடாது என்பதால் அதை விட்டுப் போனார்கள்.

தோட்டத்து லயத்தில் ஓர் அக்கா இருந்தார். கத்தோலிக்கக் குடும்பம். புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவரிடம் புருஷன் விட்டுப்போன ஒற்றை மாடு இருந்தது. மாட்டு வண்டியையும் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஒருவரிடம் வண்டி இருந்தது, இழுக்க ஆளில்லை. இன்னொருவரிடம் மாடு இருந்தது, வண்டியில்லை. என்னிடம் இரண்டும் இல்லை. கூரையும் இல்லை.

தவுக்கேயிடம் போய் நின்றேன். வாடகைக்கு மலாயில் சேவா என்பார்கள். எங்கள் ஊரில் யார் எந்தப் பாஷை பேசினாலும் வாடகைக்கு அந்தச் சொல்தான்.

"சேவா வேணும் தவுக்கே. டிரெய்லர்."

"டயர் ரெண்டும் காத்து இல்ல" என்றார். அவர் தமிழும் மலாயும் கலந்து, இரண்டையும் கோபமாகப் பேசுவார். "நீ டயர் சரி பண்ணு. அதான் சேவா. டுவா ஹாரி. ரெண்டு நாள். மூணாவது நாள் எனக்கு இங்க நிக்கணும்."

டியூப் எங்கே கிடைக்கும்? டயருக்குள் லாலான் புல்லை அறுத்து வந்து, குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். அந்தக் காலத்தில் அப்படித்தான். உருளும்போது யாரோ வைக்கோல்மேல் புரண்டு படுப்பதுபோல் சத்தம் வரும். வழியில் தீப்பிடித்துக்கொள்ளுமோ என்று கேட்டேன். தவுக்கே வேறொன்று சொன்னார்.

"பாலத்துல சிப்பாய் இருக்கான். குனி. நல்லா குனி. அவன் என்ன சொன்னாலும் நீ 'ஹை' சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத லா. ஹை, ஹை. அவங்க பாஷையில சரின்னு அர்த்தம்."

இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை தோட்டத்துக்கு நடந்தேன். வழியில் பாலம். மூங்கில் தடுப்பு, ஓலை வேய்ந்த ஒரு சாவடி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். தொப்பியை எடுத்துவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி இடுப்புவரை குனிந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா மாட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாடு நின்ற இடத்தில் நின்றது.

"ஓட்டுங்கக்கா, போலாம்" என்றேன்.

"நான் ஓட்டுனா இது வராது தம்பி. அவரு குரல் கொடுத்தாத்தான் நடக்கும். ஆம்பள சத்தம் வேணும் இதுக்கு. பொம்பளைக்குச் சம்பளம் கம்மின்னு மாட்டுக்கும் தெரிஞ்சிருக்கு."

"அப்போ இத்தன நாளு?"

"ஞாயித்துக்கிழம உபதேசியார் வருவாரு. அவர ஒரு வார்த்த சொல்லச் சொல்லுவேன். ஆத்துக்குப் போய் குளிச்சிட்டு வரும். இப்ப அவரும் கெழங்கு நடப் போயிட்டாரு. நீங்க சொல்லுங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"ஹைன்னு சொல்லணும். மாட்டுக்கு வேற என்ன சொல்லுவாங்க?"

சொன்னேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது.

"கேள்வி மாதிரி கேக்காதீங்க தம்பி. அது யோசிக்க ஆரம்பிச்சிரும்."

மறுபடி சொன்னேன். நடந்தது. அக்கா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்; நான் பின்னால் குரல் கொடுத்துக்கொண்டு வந்தேன். இப்படியே தம்போய் வந்து, டிரெய்லரில் இரண்டு மூங்கிலைக் கட்டி மாட்டைப் பூட்டி, வெறும் வண்டியோடு மறுபடி தோட்டத்துக்குப் போனோம். இந்த இரண்டு தடவையும் பாலத்தில் குனிந்தோம். இரண்டு தடவையும் சிப்பாய் கையை அசைத்துப் போகச் சொன்னான். ஒரே வார்த்தையை இரண்டு பேருக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்படுகிறவன் நான்; இதைத் தவறவிட்டேன்.

லயத்தில் அக்காவின் வீடு நடுவில் இருந்தது. இருபுறமும் காலி.

"இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு எடுத்துக்குங்க" என்றார். "நடுவுல உள்ளது இருக்கட்டும். அவரு வந்தா எங்க படுப்பாரு?"

அப்படியே எடுத்தேன். ஆணிகளையும் பிடுங்கி, கல்மேல் வைத்து நிமிர்த்தி, நாற்பத்தெட்டு ஆணி சேர்த்தேன். தகரத்துக்கு நாலு. சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டேன். பன்னிரண்டு தகரமும் கயிறு கட்டி ஏற்றியாயிற்று. வடக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் வானம் நல்லாத் தெரியும் என்பது ஞாபகத்துக்கு வந்து, கொஞ்சம் அவசரப்படுத்தினேன்.

பாலத்துக்கு வந்தோம். இப்போது வண்டியில் பாரம். சிப்பாய் கையை உயர்த்தி நிறுத்தினான். தடுப்பைத் தூக்கிவிட்டு எங்களருகே வந்தான். அக்கா குனிய வேண்டும் என்பதற்காக மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டு, கைகளை ஒட்டிக் குனிந்தார். நான் வண்டிக்குப் பின்னால் குனிந்தேன். சிப்பாய் தகரத்தைத் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டான்.

"ஹை" என்றேன்.

மாடு நடந்தது.

குனிந்திருந்ததால் முதலில் எனக்குத் தெரியவில்லை. என் கண்முன் இருந்த சக்கரம் மெதுவாக விலகிப் போவதைப் பார்த்தேன். லாலான் புல் சரசரவென்றது. சிப்பாய் கத்தினான். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

"ஹை! ஹை!"

மாடு கொஞ்சம் வேகம் கூட்டியது. அவன் இன்னும் உரக்கக் கத்திக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பினான். நானும் இன்னும் பணிவாக, இன்னும் உரக்க, இன்னும் பலமுறை ஒப்புக்கொண்டேன். அந்த மாடு தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை என்று அக்கா பிறகு சொன்னார். திறந்திருந்த தடுப்பைத் தாண்டி, பாதிப் பாலத்துக்குப் போய்விட்டது.

"வாய மூடுங்க தம்பி" என்றார் அக்கா. குனிந்த நிலையிலேயே சொன்னார்.

மூடினேன். பத்தடி போய் மாடு நின்றது.

சிப்பாய் வந்து என் இடது கன்னத்தில் அறைந்தான். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. பிறகு வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான். மாட்டருகே போய் நின்று, மெதுவாக, சோதித்துப் பார்ப்பதுபோல் "ஹை" என்றான்.

மாடு நாலடி நடந்தது.

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். இன்னும் நாலடி. மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சீட்டை எடுத்து நீட்டினேன். அவன் சீட்டை வாங்கவில்லை. தகரத்தைக் காட்டினான், பிறகு தன் சாவடியின் கூரையைக் காட்டினான். சாவடி ஓலையும் எங்கள் ஓலை மாதிரிதான். ஒரு மூலையில் ஆகாயம் தெரிந்தது. நாலு விரலை நீட்டினான்.

"என்னக்கா சொல்றான்?"

"அவனுக்கும் ஒழுகுதாம்" என்றார் அக்கா.

சாவடிமேல் ஏறி, ஓலையை ஒதுக்கிவிட்டு நாலு தகரம் அடித்தேன். ஆணியை அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பதினாறு ஆணி. அரைகுறையாக அடித்தால் மழையில் பறக்கும், பறந்தால் என்னைத் தேடி வருவான் என்று, ஒவ்வோர் ஆணியையும் இரண்டு தடவை தட்டினேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் கூரை போட்ட வீடு அதுதான்.

இறங்கியதும் அவன் உள்ளே போய் மேலே பார்த்தான். வெளியே வந்து ஏதோ சொன்னான். இனி வாயைத் திறப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். வெறுமனே குனிந்தேன். வலது கன்னத்தில் அறைந்தான்.

முதல் அறை ஹை சொன்னதற்கு. இரண்டாவது சொல்லாததற்கு.

அக்கா அதற்குள் மாட்டருகே போய், இரண்டு கையாலும் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவனுக்கும் திருப்தி. மாட்டுக்கும் திருப்தி. போகவிட்டான்.

வீட்டுக்கு வந்து இறக்கினோம். மனைவி வாசலில், கையை இடுப்புக்குக் கொடுத்து நின்று எண்ணினாள்.

"பன்னண்டுன்னீங்க."

"எட்டு இருக்கு."

"மிச்சம்?"

"பாலத்துல இருக்கு."

"மூஞ்சி ஏன் வீங்கியிருக்கு?"

"அதுவும் பாலத்துலதான்."

அக்கா நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது மனைவி கையை இடுப்பிலிருந்து எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

எட்டுத் தகரத்தை எப்படிப் போட்டாலும் நாலடி அகலத்துக்கு வானம் மிஞ்சியது. இடப்பக்கம் விட்டுப் பார்த்தேன், வலப்பக்கம் விட்டுப் பார்த்தேன். அறை சின்னது. அந்த இடைவெளி வழியாக விழும் தண்ணீர், பாயை எங்கே போட்டாலும் தேடி வந்துவிடும். போன வருஷம் ஒழுகிய ஏழு இடத்தில் ஐந்து அந்த நாலடிக்குள் வந்தன. பழைய ஓலையைத் தூக்கினேன். கையோடு பொடியாக வந்தது. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.

கீழே அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லர்மேல் கையை ஊன்றி மேலே பார்த்தார். பிறகு அந்த இரும்புத் தகட்டை விரலால் தட்டினார்.

"தம்பி, இது எவ்வளவு அகலம்?"

"நாலடி."

"நீளம்?"

"எட்டு." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, அது சேவாவுக்கு எடுத்தது. ரெண்டு நாள்ல திருப்பிக் குடுக்கணும்."

"கூரைமேல இருந்தா தொலஞ்சா போயிரும்?"

நாலு போல்ட்டுதான். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஸ்பேனரைத் திருகும்போது, தவுக்கேயிடம் என்ன சொல்வது என்று நாலு போல்ட்டுக்கும் நாலு விதமாக யோசித்தேன். பலகை அச்சைவிட்டுக் கழன்று வந்தது. நாங்கள் மூன்று பேர் தூக்கக்கூடிய பாரமில்லை; அதில் ஒருத்தி தூக்கவும் கூடாது. வீட்டை ஒட்டி ஒரு ரம்புத்தான் மரம். அதன் தடித்த கிளைமேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைப் பலகையில் கட்டினேன், மறுமுனையை மாட்டில் கட்டினார் அக்கா. மேலே நின்று பலகையை வாங்கி உட்காரவைக்க நான் வேண்டும். மாட்டுக்குக் குரல் கொடுக்கவும் நான் வேண்டும்.

மேலே ஏறி நின்று குரல் கொடுத்தேன். இரண்டு கன்னமும் வீங்கி, உதடும் கிழிந்திருந்ததில், ஹை என்பது ஹை மாதிரி வரவில்லை. ஊதுகிற மாதிரி வந்தது. மாடு நகரவில்லை. அக்கா சொல்லிப் பார்த்தார். நகரவில்லை. தூறல் பலத்தது. பாதி அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை, கிளையை, கயிற்றை, நனைகிற தன் பாயை. பிறகு இறங்கி மாட்டின் காதருகே வந்து, அதுவரை என்னிடம் மட்டுமே பயன்படுத்திய ஒரு குரலில் சொன்னாள்:

"ஹை! போறியா, இல்ல நீயும் ஏதாவது யோசிக்கப் போறியா?"

மாடு போனது. பலகை ஒரே சீராக மேலே வந்தது. "போதும்" என்று நான் சொல்வதற்குள் அக்கா கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் அதை இழுத்து, எட்டுத் தகரத்தின் விளிம்புமேல் சரியாக ஏற்றி உட்காரவைத்தேன். இரும்புத் தகடு மேல்பக்கம். மீதியிருந்த முப்பத்திரண்டு ஆணியும் எட்டுத் தகரத்துக்குச் சரியாகிவிட்டது. பலகையைக் கயிற்றால் விட்டத்தோடு கட்டினேன்.

"இதுக்கு ஆம்பள சத்தம் வேணும்னு இல்ல போல" என்றார் அக்கா, மாட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டே. "கோவம் இருந்தா போதும்."

தூறல் விட்டதும் அவர் கிளம்பினார். கொண்டுவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சாலைக்குப் போய், மாட்டின் பக்கத்தில் நின்று, ஒரு தடவை கத்தினார். நல்ல சத்தம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாடு உடனே நடந்தது. யார்மேல் அவ்வளவு கோபம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாலத்தில் மட்டும் கத்தாமலிருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

பத்து நாள் என்று மருத்துவச்சி சொன்னது இரண்டு நாளில் நடந்தது. மழையும் அதே காலையில் பிடித்துக்கொண்டது. யாரும் யாரையும் முந்தவில்லை. பெண் பிள்ளை. நான் அறையில் நாலு மூலைக்கும் போய், தரையில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மருத்துவச்சி என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

சொன்னபடி மூன்றாவது நாள் தவுக்கே குடையோடு வந்தார்.

"மானா டிரெய்லர்?"

சக்கரங்களும் அச்சும் சுவரோரம் நின்றன. காட்டினேன். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது ரோடா. சக்கரம். டிரெய்லர் எங்க?"

மேலே காட்டினேன்.

அவர் குடையைச் சாய்த்து, முகத்தில் மழை விழ, மேலே பார்த்தார். அதுவரை நான் தயார் செய்து வைத்திருந்த நாலு பதிலும் மறந்துபோனது. உள்ளே பிள்ளை அழுதது. அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"ஒழுகுதா?"

"இல்ல தவுக்கே."

"நல்ல தகடு அது" என்றார். "என் லாரியவிட நல்லது." குடையை நிமிர்த்திக்கொண்டார். "ஹுஜான் ஹபிஸ், நான் எடுத்துக்குவேன். மழ முடிஞ்சதும். அது வரைக்கும் சேவா."

"ஹை" என்றேன், பழக்கத்தில்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அச்சை உருட்டிக்கொண்டு மழையில் போனார். லாலான் புல் நனைந்து சத்தம் போடாமல் உருண்டது.

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் அறையில் ஒழுகவில்லை. பதினோராம் நாள் வந்தது, போனது. பன்னிரண்டாம் நாள் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டிப் பாயில் போட்டுவிட்டு, முதல் தடவையாக என்னைக் கொஞ்சம் தூங்கச் சொன்னாள். படுத்தேன். பலகை நேராகப் பிள்ளைக்கு மேலே இருந்தது. கயிறு நனைந்தால் தளரும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போய் இன்னொரு கயிறு கட்டினேன். பிறகு படுத்து, பாலத்தில் அடித்த பதினாறு ஆணியும் பிடித்துக்கொண்டிருக்குமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.